பாரமகால் சீமையில் ஆங்கில ஆட்சியின் எச்சம்: மெக்காலேயைத் திட்டினால் போதுமா?

கேள்வி
தகடூர் வாசகன், தருமபுரி

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் நூலக வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்திற்கு ‘ஆங்கிலேய ஆட்சி நம் சமூகத்தில் விட்டுச் சென்றவை’ என்ற பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். முன்னோட்டமாகப் பேசிப் பார்த்தபோது பேச்சு இரண்டே தடத்தில் ஓடியது. ஒரு சாரார், ஆங்கிலக் கல்வியை வலியுறுத்தி 1835இல் மெக்காலே எழுதிய குறிப்பில் தொடங்கி, கூலி வேலைக்குப் போகும் பெற்றோரும் கடன் வாங்கிப் பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கும் இன்றைய நிலை வரை எல்லாவற்றையும் ஒரே சரட்டில் கோத்துக் குற்றப்பத்திரிகை வாசித்தார்கள். மற்றொரு சாரார், இரயிலும் சட்டமும் பள்ளிக்கூடமும் அவர்கள் தந்தவை அல்லவா, அவர்கள் வராதிருந்தால் நம்மில் எத்தனை பேர் எழுத்தறிந்திருப்போம் என்று திருப்பிக் கேட்டார்கள். இந்த இரண்டு பேச்சையும் சென்னையில் உட்கார்ந்து பேசியிருந்தாலும் ஒரு சொல்கூட மாறியிருக்காது என்பதுதான் என் மனக்குறை.

நம் பகுதிக்கென்று ஒரு தனிக்கதை உண்டு. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் கும்பினியாருக்கு, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, விட்டுக்கொடுத்த நிலப்பரப்பில் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளைக் கொண்ட பாரமகாலும் அடங்கும். அலெக்சாண்டர் ரீடு இங்கே கலெக்டராக அமர்த்தப்பட்டார். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ அவருடைய உதவியாளர்களில் ஒருவராகத் தருமபுரியில் தங்கி வேலை பார்த்தார். அவர் இங்கே போட்ட தோட்டத்தைப் பற்றியும் அதைப் பிரிய மனமில்லாததைப் பற்றியும் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் இருக்கின்றன. ஆக, கும்பினி ஆட்சி நடத்தக் கற்றுக்கொண்ட தொடக்கக் களங்களில் நம் ஊரும் ஒன்று. மறுபுறம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு ஏறக்குறைய 80 விழுக்காடாக இருந்தபோது, தருமபுரி 68.5 விழுக்காட்டுடன் கடைசி இடத்தில் இருந்தது, கிருஷ்ணகிரியும் 71.5 விழுக்காட்டோடு அதற்கு வெகு அருகில்தான் நின்றது.

நான் அறிய விரும்புவது இதுதான். அந்த ஆட்சி ஏற்படுத்தியவற்றுள் எது இன்றும் நம் இரண்டு மாவட்டங்களில் ஓய்வின்றி இயங்கிக்கொண்டிருக்கிறது? நம் கல்விப் பின்னடைவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? பொதுவான வாதங்களைத் தவிர்த்து, இந்த மண்ணில் காட்டக்கூடிய சான்றுகளோடு யாரேனும் விளக்கினால் கூட்டத்திற்கு மிகவும் உதவும்.


பதில்
பாலக்கோடு ஓய்வூதியர்

ஐயா, வருவாய்த் துறையில் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து வட்டாட்சியர் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்கிறேன். உங்கள் வட்டத்தார் பள்ளிக்கூடத்தில் தேடுகிற எச்சம், கிராம நிர்வாக அலுவலரின் இரும்பு அலமாரியில்தான் அதிகமாக இருக்கிறது.

ரீடும் மன்றோவும் இங்கே வந்தபோது படை அதிகாரிகள். சென்னையில் இருந்த கும்பினி எழுத்தர்களுக்கு நாட்டு மொழி தெரியவில்லை என்பதால், காரன்வாலிஸ் பிரபு நாட்டு மொழி பேசத் தெரிந்த இந்தப் படைக்காரர்களை வரி நிர்வாகத்திற்கு அனுப்பினார். அவர்கள் ஊர் ஊராக நிலத்தை அளந்து, ஒவ்வொரு புலத்திற்கும் தீர்வை கட்டி, இடையில் ஒருவரும் இல்லாமல் குடியானவரோடு நேரடியாக ஆண்டுக் கணக்கு முடிக்கும் முறையை இங்கேதான் பழகினார்கள். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவிய ரயத்துவாரி முறைக்கு நாற்றங்கால் பாரமகால்தான். இதை முழுக்க அவர்களே கண்டுபிடித்ததாகச் சொல்வதும் பொருந்தாது. பாளையக்காரர்களை ஒதுக்கிவிட்டு அமில்தார்கள் என்ற அரசு வரி அதிகாரிகள் வழியாகக் குடிகளிடம் வசூலிக்கும் ஏற்பாட்டை ஐதரும் திப்புவும் ஏற்கெனவே தொடங்கியிருந்தார்கள். கும்பினி சேர்த்தது எழுத்தின் கண்டிப்பு. ஊர் அறிந்த உரிமை, வாய்மொழி வழக்கு, தலைமுறைப் பழக்கம் ஆகியவற்றுக்கு மேலாகப் பதிவேட்டில் உள்ள பெயர் நின்றது.

இதற்கிடையே ஒரு கூத்தும் நடந்தது. மன்றோ 1799இல் கன்னடக் கடற்கரைப் பகுதிக்கு மாறிச் சென்ற சில ஆண்டுகளுக்குள், வங்காளத்து ஜமீன் முறையைப் பின்பற்றி, சேலம் ஜில்லாவின் கிராமங்களை மிட்டாக்களாகக் கூறுபோட்டு ஏலம் விட்டார்கள். ரீடு காலத்தில் நேரடியாகச் சர்க்காருக்குக் கிஸ்தி கட்டிய குடியானவர், ஒரே நாளில் மிட்டாதாரின் குடியானவர் ஆனார். ஏலம் எடுத்தவர்களில் பலர் தவணை கட்ட முடியாமல் மிட்டாவை இழக்க, அந்தக் கிராமங்கள் மீண்டும் ரயத்துவாரிக்குத் திரும்பின. எஞ்சிய மிட்டாக்கள் 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரை நீடித்தன. ‘மிட்டாதார் வீடு’ என்று சுட்டிக்காட்டப்படும் வீடுகள் எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு, அந்த வீட்டாருக்கு இப்போது ஓர் ஏக்கரும் இல்லாவிட்டாலும்.

இன்றைக்கு வருவோம். ஒவ்வோர் ஆண்டும் கோடையில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி, அந்த ஆண்டுக் கணக்கு முடிப்பின் நேர் வாரிசு. ஜூலை முதல் நாள் தொடங்கும், வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு முகலாயர் வழியாக வந்தது. கும்பினியும் அதை விடவில்லை, நாமும் விடவில்லை. நிலத்தீர்வையால் அரசுக்குக் கிடைக்கும் வருமானம் இன்று பொருட்படுத்தத் தக்கதே அன்று. ஆனால் அந்தத் தீர்வைக்காக எழுதப்பட்ட பதிவேடுதான் பயிர்க்கடன், சொட்டுநீர்ப் பாசன மானியம், வெள்ள நிவாரணம், இருப்பிடச் சான்று என்று எல்லாவற்றுக்கும் வாசற்படியாக இருக்கிறது. மூன்று தலைமுறையாக வாரத்துக்கு உழுபவர், கணவர் பெயரில் பட்டா இருக்கும் பெண், ஏரிக்கரைப் புறம்போக்கில் ஆடு மேய்ப்பவர் ஆகியோர் உழைத்தாலும் கணக்கில் உழவர் அல்லர். 1980இல் மணியகாரர், கர்ணம் என்ற பழைய கிராம அதிகாரிகளின் பதவிகளைத் தமிழ்நாடு அரசு ஒழித்தது. இப்போது எல்லாப் பதிவுகளும் கணினிக்கு வந்துவிட்டன. பதிவேட்டின் அதிகாரம் மட்டும் ஒரு படிகூட இறங்கவில்லை. ஆங்கிலம் பேசத் தெரியாததால் தலைகுனிந்து நிற்பவரைக் காட்டிலும், பட்டா மாறுதலுக்கு மனுவை நீட்டிக்கொண்டு தலைகுனிந்து நிற்பவரைத்தான் என் பணிக்காலத்தில் அதிகம் பார்த்தேன்.


பதில்
அரூர் ஆசிரியை

ஓய்வூதியர் ஐயா சொன்ன அலமாரியில் மலைமேல் வாழ்பவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. அவர்களுக்கென்று வேறோர் அலுவலகத்தில் வேறோர் அலமாரி இருந்தது. சித்தேரி மலைப்பகுதிப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தவள் என்பதால் அந்தப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

1860களில் ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் நோக்கி இருப்புப்பாதை போடப்பட்டபோது, தண்டவாளக் கட்டைக்கும் எஞ்சின் விறகுக்கும் நம் மலைகளின் மரங்கள் வெட்டப்பட்டன. வெட்டித் தீர்த்த பிறகு, காடு அழிகிறதே என்ற கவலை அரசுக்கு வந்தது. அதன் விளைவு 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம். ஒரு மலையைக் காப்புக்காடு என்று அறிவித்து, அங்கே உரிமை உள்ளவர்கள் குறிப்பிட்ட காலத்திற்குள் வந்து முறையிடலாம் என்று அரசிதழில் அச்சிட்டு, யாரும் வராவிட்டால் உரிமை இல்லை என்று முடித்துவிடும் நடைமுறை அதில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத, அரசிதழ் என்று ஒன்று இருப்பதையே அறியாத, மலையாளி என்று அழைக்கப்படும் இந்த மலைவாழ் மக்கள் (கேரளத்தவர் அல்லர்) எப்படி வந்து முறையிட்டிருப்பார்கள்? தேன் எடுப்பதும் விறகு பொறுக்குவதும் மாடு மேய்ப்பதும் அன்றிலிருந்து அரசு பார்த்து இரங்கும் சலுகையாக மாறின. கேட்காமல் செய்தால் குற்றம். அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பெயரில் ‘சென்னை’ போய் ‘தமிழ்நாடு’ வந்திருக்கிறது.

வாச்சாத்தியைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 1992ஆம் ஆண்டு ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறையினரும் எங்கள் வட்டத்திலுள்ள அந்த மலையாளி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் உடைக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது; சென்னை உயர் நீதிமன்றம் அதை 2023இல் உறுதிசெய்தது. இதை ஆங்கிலேயர் செய்யவில்லை. சுதந்திர நாட்டின் ஊழியர்கள் செய்தார்கள். ஆயினும் காட்டுக்குள் இருப்பவனைப் பார்த்தவுடனே திருடன் என்று கருதும் கண், மலைவாசியின் வீட்டுக்குள் ஆணையின்றி நுழையலாம் என்ற துணிவு, சந்தனமரம் அரசின் சொத்து, அதன் நிழலில் பிறந்தவன் அந்நியன் என்ற கணக்கு ஆகியவை எங்கே பயிற்றுவிக்கப்பட்டன என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. சந்தனமரத்தின் மீது அரசு ஏகபோகம் திப்பு காலத்திலேயே மைசூரில் இருந்ததுதான். ஆனால் மனிதர்களையும் சேர்த்து வேலி போட்டது வனச் சட்டம்.

கல்விக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. மலைப்பிள்ளைக்கு மேற்படிப்புக்கு வேண்டிய முதல் தாள் சாதிச் சான்றிதழ். பழங்குடியினர் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயருக்கு எதிரே தருமபுரி, சேலம், வட ஆர்க்காடு என்று மாவட்டங்களின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அதே மக்கள் ஈரோடு மாவட்டத்து மலையில் வாழ்ந்தால் பழங்குடியினர் அல்லர். மக்களை மாவட்ட எல்லைக்குள் அடைத்து வகைப்படுத்தும் இந்தப் பழக்கம் எந்தக் காலத்தில் தொடங்கியது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மதிப்பெண் இருந்தும் சான்றிதழ் வராமல் சேர்க்கை நாளைத் தவறவிட்ட மாணவியரை எனக்கு நேரில் தெரியும்.


பதில்
மொரப்பூர்க்காரர்

இரயில் கொடுத்தார்கள் என்று பேசியவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா சுடுகாடாயிற்று. 1871இல் 19,66,995 ஆக இருந்த மக்கள்தொகை 1881இல் 15,99,595 ஆகக் குறைந்திருந்தது. அந்த அனுபவத்திற்குப் பிறகு, பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுபோவதற்கென்று இரண்டு குறும்பாதைகள் போட்டார்கள். திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி பாதை 1905இலும் மொரப்பூர் - தருமபுரி பாதை 1906இலும் திறக்கப்பட்டன; பின்னது 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போரின்போது எங்கள் பாதையை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதற்கு முன்பே கிருஷ்ணகிரிப் பாதையும் மூடப்பட்டிருந்தது. இன்றுவரை கிருஷ்ணகிரி நகரத்தில் இரயில் நிலையம் கிடையாது. மொரப்பூர் - தருமபுரி பாதைக்கோ ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதி மட்டும் தவறாமல் வருகிறது. கொடுத்ததையும் எழுதுங்கள், எடுத்துச் சென்றதையும் எழுதுங்கள், மூட்டை கட்டிப் போனவர்கள் போய் முக்கால் நூற்றாண்டு கடந்தும் நாம் போடாததையும் எழுதுங்கள்.


பதில்
ஊத்தங்கரை ஆய்வு மாணவர்

ஓய்வூதியர் ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் மன்றோவின் பெயரைக் கேட்டதும் நம் பகுதியில் குரல் சற்று இளகிவிடுகிறது என்பது என் எண்ணம். குடியானவரோடு நேரடிக் கணக்கு என்பது பட்டா பெற்ற சாதிகளுக்குக் கிடைத்த நேரடிக் கணக்கு. அவர்களுடைய வயலில் பண்ணையாளாக உழைத்த தாழ்த்தப்பட்ட மக்கள் அந்தக் கணக்கில் ஒரு வரியாகக்கூட வரவில்லை. இதை ஆங்கிலேய அதிகாரியே பின்னர் ஒப்புக்கொண்டார். செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892இல் அரசு ஆணை பிறப்பித்து, தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒப்படைக்கத் தொடங்கினார்கள். பஞ்சமி நிலம் என்று நாம் இன்று பேசுவது அதுதான். நிலம் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டும் அதில் எவ்வளவு இன்று உரியவர் கையில் இருக்கிறது என்பதை, வருவாய்த் துறையில் இருந்தவர் என்னைவிட நன்றாக அறிவார்.

கல்விக் கேள்விக்கு வருகிறேன். மெக்காலே வந்து நம் திண்ணைப் பள்ளிகளை அழித்தார் என்று பேசுபவர்கள் எடுத்துக்காட்டுவதும் மன்றோவின் கணக்கைத்தான். ஆளுநராக இருந்தபோது 1822இல் அவர் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிகளின் விவரம் கேட்டார். 1826இல் தொகுத்தபோது, ஏறக்குறைய ஒரு கோடியே இருபத்தெட்டு இலட்சம் மக்கள் வாழ்ந்த சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். இந்த ஆவணங்களை ஆய்வாளர் தரம்பால் 1983இல் முழுமையாக அச்சிட்ட பிறகு அவை எல்லா மேடையிலும் ஒலிக்கின்றன. சேலம் ஜில்லாவின் மாணவர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் சூத்திரரும் அவர்களை அடுத்த பிற சாதியாரும் என்பது அதில் உள்ள செய்தி. பார்ப்பனர் மட்டுமே படித்தார்கள் என்ற எளிய கதை அதனால் உடைகிறது. நியாயம். ஆனால் அதே பட்டியலில் மாகாணம் முழுவதற்கும் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. ‘பிற சாதியார்’ என்ற ஒரே கட்டத்திற்குள் யார் இருந்தார்கள், சேரிப் பிள்ளை திண்ணையில் ஏற முடிந்ததா என்பதை அந்தக் கட்டம் பிரித்துக் காட்டுவதில்லை. பொற்காலம் என்று முழங்குபவர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

திண்ணைப் பள்ளி ஏன் நலிந்தது? பெல்லாரிக் கலெக்டர் கேம்பெல் 1823இல் அனுப்பிய பதிலில், மக்கள் வறுமையடைந்ததால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப இயலவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். விளைச்சலில் ஊருக்கென்று தங்கிய பங்கு தீர்வையாகக் கருவூலத்திற்குப் போன பின், வாத்தியாருக்கு அளக்க நெல் எங்கிருந்து வரும்? மன்றோ இதை உணர்ந்து, தாலுகாவுக்கு ஒரு பள்ளி என்று திட்டமிட்டார். 1827இல் காலராவில் அவர் இறந்த பிறகு அந்தத் திட்டம் நோஞ்சானாகிப்போய், 1836இல் அந்தத் தாசில்தாரிப் பள்ளிகள் கைவிடப்பட்டன. 1854இல் வந்த, இந்தியக் கல்வி பற்றிய உட் அறிக்கை, உள்ளூரார் பள்ளி நடத்தினால் அரசு மானியம் தரும் என்றது. இங்கேதான் நம் மாவட்டத்தின் பின்னடைவுக்கு ஒரு திறவுகோல் கிடைப்பதாக நான் கருதுகிறேன். காவிரிப் பாசனப் பகுதியில் பணம் போட்டுப் பள்ளி தொடங்க நிலவுடைமையாளர் இருந்தார்கள், மானியம் அவர்களைத் தேடிப் போயிற்று. மானாவாரிக் கேழ்வரகையும் சாமையையும் நம்பி, பஞ்சத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் மக்களை இழந்த பாரமகாலில் யார் பள்ளி தொடங்குவார்கள்? கோவிலூர், எலத்தகிரி போன்ற கத்தோலிக்க ஊர்களைச் சுற்றிச் சில பள்ளிகள் வந்தன. அரசு கலைக் கல்லூரி தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கிடைத்தது 1960களில்தான். மெக்காலே நம் மீது ஆங்கிலத்தைத் திணித்தார் என்பதைவிட, நமக்கு எந்த மொழியிலும் பள்ளி தராமல் ஆண்டார்கள் என்பதே இந்த மாவட்டங்களைப் பொறுத்தவரை உண்மைக்கு நெருக்கமானது.

ஆகவே, இன்று ஒரு கல்லுடைக்கும் தொழிலாளி மகளை ஆங்கிலவழிப் பிரிவில் சேர்ப்பதை அடிமை மனம் என்று ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அரசுப் பள்ளிகளிலேயே 2013ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருமளவில் தொடங்கப்பட்டன. தமிழ்வழியில் படித்தவருக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை என்ற சட்டமும் 2010இலிருந்து இருக்கிறது. பெற்றோர் இரண்டையும் எடை போட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். ஆங்கிலம் யாருடைய மொழி என்று அவர்கள் கேட்பதில்லை, ஓசூர்ப் பக்கம் எந்த ஆலையில் எந்த மேசைக்கு அது வேண்டும் என்று கேட்கிறார்கள்.


பதில்
ஓசூர் எல்லைவாசி

அடையாளத்தைப் பற்றி யாரும் விரிவாக எழுதாததால் நான் எழுதுகிறேன். எங்கள் பகுதி பாரமகாலோடு 1792இல் போகவில்லை. சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் 1799இல்தான் கும்பினியிடம் வந்தது. அந்த ஏழாண்டு இடைவெளியின் பயனாகவோ என்னவோ, ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் சேலம் ஜில்லாவில் இருந்தும் சேலத்தோடு ஒட்டவில்லை. என் வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம், சந்தையில் மூன்றும், பள்ளியில் தமிழ். மகள் வேலை செய்யும் பெங்களூரு அலுவலகத்தில் ஆங்கிலம். கும்பினியின் வரி வசதிக்காகப் போட்ட ஜில்லாக் கோடு, 1956இல் மொழிவழி மாநிலம் பிரித்தபோதும் ஏறக்குறைய அப்படியே நின்று, எங்களைத் தமிழ்நாட்டாராக்கியது. எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. கோட்டின் வயதைச் சொன்னேன்.

இந்தக் கோடு என்ன செய்யும் என்பதற்கு லம்பாடி மக்கள் சான்று. கர்நாடகத்தில் அவர்கள் பட்டியல் சாதியினர், தெலங்கானாவில் பழங்குடியினர், எல்லையைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தால் இரண்டும் அல்லர். ஒரே திருமணப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் மூன்று மாநிலத்து உறவினர்க்கு மூன்று சான்றிதழ். அரூர் ஆசிரியை அம்மா மலையாளி மக்களைப் பற்றிச் சொன்னதும் இதுவே.

சாதிகளை மேல்கீழாக அடுக்கி அச்சிட்ட பழைய கணக்கெடுப்புகள் இன்னொன்றையும் செய்தன. 1871 கணக்கெடுப்பிலிருந்தே, எங்களை இப்படி எழுதாதீர்கள் என்று பல சமூகங்கள் மனுக் கொடுக்கத் தொடங்கின. நம் மாவட்டங்களில் பெருந்தொகையினரான வன்னியர், பழைய பெயரால் பதியப்படுவதை எதிர்த்துச் சங்கம் அமைத்து நெடுங்காலம் போராடி, 1931 கணக்கெடுப்பில் வன்னியகுல சத்திரியர் என்ற பெயரைப் பெற்றார்கள். ஆள வந்தவன் எண்ணுவதற்குப் போட்ட கட்டத்தை, எண்ணப்பட்டவர்கள் தங்கள் கோரிக்கைக்கு மேடையாக்கிக்கொண்டார்கள். இதைக் காலனி ஆட்சியின் தீமை என்று ஒரே சொல்லில் எழுதிவிட முடியாது. இட ஒதுக்கீட்டு அரசியல் முழுவதும் அந்தக் கட்டங்களின் மேல்தான் நிற்கிறது.

எங்கள் ஊருக்கு அருகில் தொரப்பள்ளி இருக்கிறது. கிராம முன்சீப் ஒருவரின் மகனாக 1878இல் அங்கே பிறந்த இராஜாஜி, ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் ஆங்கிலக் கல்வி பெற்று, அந்தக் கல்வி தந்த சட்ட வாதங்களைக் கொண்டே அந்த ஆட்சியை எதிர்த்து, கடைசியில் வைஸ்ராய் மாளிகையிலேயே இந்தியர் ஒருவரான முதல் கவர்னர் ஜெனரலாகக் குடியேறினார். 1938இல் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் அவரே, பின்னாளில் இந்திக்கு எதிராக ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. 1953இல் அவர் கொண்டுவந்து, குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, அடுத்த ஆண்டே காமராசரால் கைவிடப்பட்ட அரைநாள் பள்ளித் திட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆங்கிலத்தால் உயர்ந்த ஒருவர் கிராமத்துப் பிள்ளைக்கு எவ்வளவு பள்ளி போதும் என்று நினைத்தார் என்பது உங்கள் கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய செய்தி. மறுபக்கம் பாப்பாரப்பட்டி. சிறையில் தொழுநோய் பெற்று, இரயிலில் ஏறக் கூடாது என்று தடுக்கப்பட்டு, மாட்டுவண்டியிலும் நடந்தும் ஊர் ஊராகப் போன சுப்பிரமணிய சிவா, அங்கே பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப முயன்று 1925 ஜூலை 23இல் மறைந்தார். இரண்டு ஊருக்கும் இடையே பேருந்தில் சில மணி நேரம்தான். ஒரே ஆட்சியை எதிர்த்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால் மாணவர்களுக்குத் தூக்கம் வராது.


கேள்வியாளரின் மறுமொழி
தகடூர் வாசகன்

அனைவருக்கும் நன்றி. கூட்டத்தின் போக்கை மாற்றிவிட்டோம். மெக்காலேயில் தொடங்காமல் பட்டாவில் தொடங்கி, வனச் சட்டத்துக்குப் போய், அதன் பிறகு பள்ளிக்கு வருவதாக முடிவு. ஆசிரியை அம்மா வந்து பேச இசைந்தால் பெருமகிழ்ச்சி அடைவோம். ஆய்வு மாணவர் தம்பியின் மானிய வாதத்தை ஓர் உறுப்பினர் ஏற்கவில்லை. பாசனப் பகுதியிலும் பள்ளி தொடங்கியவர்கள் தம் சாதிப் பிள்ளைகளுக்காகவே தொடங்கினார்கள், ஆகவே பணம் மட்டும் காரணமன்று என்கிறார். அதையும் மேடையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். ஓய்வூதியர் ஐயாவிடம் ஓர் உதவி: ஏதேனும் ஒரு கிராமத்தின் பழைய பதிவேட்டைக் கூட்டத்தில் காட்ட விரும்புகிறோம். எதைக் கேட்க வேண்டும், எங்கே கேட்க வேண்டும்?


பதில்
பாலக்கோடு ஓய்வூதியர்

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பதிவறையில், அந்தக் கிராமத்தின் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டைக் கேளுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து அச்சானதை ‘டைகிளாட்’ என்று சொன்னால் பதிவறை எழுத்தருக்கு உடனே புரியும். எழுத்து மூலம் மனுப் போட்டு நகல் பெறுவது நல்லது. மூலத்தை வெளியே எடுத்துவரத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. கும்பினி காலத்துக் கடிதங்களுக்கு, சென்னை அரசு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பகுதி பகுதியாக அச்சிட்ட பாரமகால் ஆவணத் தொகுதிகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். கிராமத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். மிட்டாவாக இருந்த ஊர் என்றால் பழைய கணக்கு மிட்டாதார் வீட்டில் இருந்திருக்கும், 1948க்கு முந்தையது கிடைப்பது அரிது. தொடக்கம் முதல் ரயத்துவாரியில் இருந்த ஊராகப் பாருங்கள். எந்த ஊர் என்று முடிவானதும் இங்கே எழுதினால், அதன் புல எண்களை இன்றைய கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டோடு ஒப்பிடுவதற்கு நானே உடன் வருகிறேன். ஆய்வு மாணவர் கேட்ட பஞ்சமி நில விவரமும் அதே பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் இருக்கும். அதையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.